மரப்பு விலகுவதற்கு முன்னே மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். மார்பகக் கட்டி அறுவைச் சிகிச்சைக்காகச் சேலத்துக்கு வரும் பெண்கள், “முழு மயக்கம்தான் கொடுக்கிறீங்களே, அப்புறம் எதுக்கு இன்னொரு ஊசி?” என்று கேட்பதுண்டு. மயக்கம் தூங்க வைக்கும். கண் விழித்ததும் வலி வந்து நிற்கும். அந்த முதல் இரவுக்காகத்தான் நரம்பை மரக்க வைக்கும் இந்த ஊசி.

மார்புக்கு உணர்ச்சி தருபவை பெரும்பாலும் விலா எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்புகள். 2011-ல் ரஃபேல் பிளாங்கோ என்ற மயக்கவியல் மருத்துவர் விவரித்த ‘பெக்ஸ்’ முறையும், அதன் அடுத்த வடிவமும் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. காறை எலும்புக்குக் கீழே ஸ்கேன் கருவியை வைத்தால் தசைகள் வாழைப்பட்டை போல அடுக்கடுக்காகத் தெரியும். மார்பின் பெரிய தசைக்கும் சிறிய தசைக்கும் நடுவில் 10 மில்லி மருந்து. பிறகு, நாலாவது விலா எலும்புக்கு மேலே, சிறிய தசைக்கும் அதன் அடியிலுள்ள தசைக்கும் நடுவில் 20 மில்லி. மருந்து இறங்க இறங்க இரண்டு அடுக்கும் விலகி, நடுவே கறுப்பாக ஒரு பட்டை விரியும். அது விரியவில்லை என்றால் ஊசி தப்பான இடத்தில் நிற்கிறது. ஊசி முனை திரையில் மறைந்தால் கை நிற்க வேண்டும். அடியில் இருப்பது நுரையீரல்.

அளவுதான் எனக்குப் பெரிய கவலை. மரக்க வைக்கும் மருந்தான புபிவக்கெய்ன், 0.25 சதவீதக் கரைசல் 30 மில்லியில் 75 மில்லிகிராம் இருக்கிறது. உச்ச அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால், 50 கிலோ பெண்ணுக்கு மொத்தமே 100தான். அறுவை மருத்துவரும் தையல் ஓரத்தில் அதே மருந்தை 20 மில்லி போட்டால் கணக்கு 125 ஆகிவிடும். இருவரும் சேர்த்தே எண்ண வேண்டும். பழைய சீட்டில் உள்ள எடை உதவாது, அன்று காலையில் நிறுத்துப் பாருங்கள். விழித்திருக்கும்போது நாக்கு மரத்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ உடனே சொல்லுங்கள். மருந்து ரத்தத்தில் ஏறியதன் அடையாளம் அது. அதை முறிக்கும் 20 சதவீத கொழுப்புக் கரைசல் அறையிலேயே இருக்க வேண்டும். 50 கிலோவுக்கு முதல் தவணை 75 மில்லி.

நெஞ்செலும்பை ஒட்டிய பகுதி இந்த ஊசியில் முழுசாக மரக்காது. அங்கே வலித்தால் ஊசி வீண் என்று நினைக்காதீர்கள், செவிலியரிடம் சொல்லுங்கள்.

மரப்பு பொதுவாக 8 முதல் 12 மணி நேரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். காலை 11 மணிக்குப் போட்டால் இரவு 7 மணியிலிருந்தே விலகலாம். சிறிய கட்டி எடுத்து அன்றே ஏற்காடு திரும்புகிறவர்களுக்கு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு சேரும் நேரம் அது. வலி வந்தபின் தேடாமல், மாத்திரையைக் கீழேயே வாங்கி, மரப்பு இருக்கும்போதே முதல் வேளையைப் போட்டுவிடுங்கள். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்களுக்கு பாராசிட்டமால் 1 கிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். எடை குறைந்தவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், கவனம்.

மலைக்குளிருக்கு வெந்நீர்ப் பையை மார்பில் வைக்காதீர்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். மூச்சு முட்டினாலோ, தையல் பக்கம் திடீரென வீங்கி இறுகினாலோ, விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழைத்து அந்த இரவே இறங்கி வந்துவிடுங்கள்.