காத்திருப்பில்தான் கவிதை ஊறுகிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'கவிதை பிறப்பது காத்திருப்பிலா, உழைப்பிலா?' என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "வெறுமனே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வரியும் வராது, மேசையில் அமர்ந்து எழுதினால்தான் வரும்" என்று அடித்துச் சொன்னார்.

ஐயா, சங்கப் பாட்டின் முல்லைத் திணைக்கு நம் முன்னோர் வைத்த உரிப்பொருள், அதாவது மையப்பொருள், என்ன? இருத்தல். பிரிந்தவன் வரும்வரை ஆற்றியிருப்பது. அதற்குக் கார்காலம், மாலைப்பொழுது என்று நேரமும் குறித்துக் கொடுத்தார்கள். குறுந்தொகையின் 66ஆம் பாட்டைப் பாருங்கள். கார்காலத்தில் வருவேன் என்றவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றைக்கு அறிவில்லை, பருவமல்லாத 'வம்ப மாரி'யைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது! மரத்தையும் மழையையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத்தான் இந்த வாதம் தோன்றும்.

எதிரணி கேட்கலாம்: இன்று வரிசையில் நிற்கும் எல்லோரும் கவிஞர்களா? இல்லை. காரணம், கைபேசி. காத்திருப்பின் முதல் சில நிமிடங்கள் மனம் அலைபாயும். அந்தத் தவிப்பைத் தாங்காமல் திரையைத் திறந்துவிடுகிறோம். அதைத் தாண்டினால்தான் கண் திறக்கும். கைபேசி பைக்குள் இருக்கட்டும். ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கூடத்தில் எண் பலகை மாறுகிறது: எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்கின்றன, ஒருவர் எழுந்து போகிறார், மற்ற தலைகள் ஒவ்வொன்றாகக் குனிகின்றன. இதை அப்படியே குறியுங்கள். 'ஏக்கம்', 'தனிமை' என்று எழுதிவிட்டால் பார்த்தது போய்விடும், அந்தச் சொல் மட்டும்தான் தாளில் மிஞ்சும். முதலில் வரும் உவமையையும் தள்ளிவிடுங்கள். அது ஏற்கெனவே எங்கோ படித்ததாகத்தான் இருக்கும். வினைச்சொற்களைப் பிடியுங்கள்: நிமிர்தல், குனிதல். நான்கைந்து வரி போதும். படம் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் பார்ப்பதை நிறுத்திவிடுவோம். எழுதத் தாள் இல்லையா? வரியை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். நாவில் இடறும் சொல் தானே உதிரும்.

முடியாமல் நிற்கும் ஒரு பாதிக் கவிதையையும் மனத்தில் எடுத்துக்கொண்டு போகலாம். 1926இல் ஆங்கிலேயச் சிந்தனையாளர் கிரஹாம் வாலஸ் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டமாகப் பிரித்தார்: ஆயத்தம், அடைகாத்தல், பொறிதட்டல், சரிபார்த்தல். முதலும் கடைசியும் உழைப்பு, அதை எதிரணிக்கே தருகிறேன். ஆயத்தமில்லாமல் அடைகாக்க எதுவும் இராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொறி தட்டுவது பெரும்பாலும் மேசையை விட்டு எழுந்த பிறகுதான்! முட்டி மோதிய வரியைச் சற்றே விட்டுவிட்டால், மனம் பிடித்திருந்த தவறான வழி தளர்கிறது, வேறு வழி தெரிகிறது.

மேசையில் அடித்துத் திருத்தும் உழைப்பு வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. திருத்துவதற்கு முதலில் ஒரு வரி வேண்டுமே, அது எங்கே கிடைத்தது என்பதை மட்டும் பார்த்து, நடுவர் அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.