பீடோரிலிருந்து கேமரன் மலை: 2,000 மீட்டருக்கு மேல் மரங்கள் ஏன் குட்டையாகின்றன?

வணக்கம் மக்களே! பேராக்கில் நம் பீடோர் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. இங்கிருந்து காரில் கிளம்பினால் அரை நாளுக்குள் ஒரு காட்டுக்குப் போய்விடலாம். அங்கே முழுதாக வளர்ந்த மரமே பல இடங்களில் உங்கள் தலைக்குச் சற்று மேலேதான் நிற்கும். கன்று என்று நினைத்துவிடாதீர்கள், வயதான மரம். வேரிலிருந்து நுனிவரை பாசி. அதே மலையின் அடிவாரத்திலோ மரங்கள் 40, 50 மீட்டர் உயரம். மழைக்கும் குறைவில்லை, பிறகு ஏன் இப்படி? கடைசிவரை பாருங்கள், விடை அருமையாக இருக்கும்.

வரலாறு ஒரே வரியில்: 1885இல் இந்த மலைப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர்தான் மலைக்கு. தேயிலைக் கதைக்குத் தனி வீடியோ வேண்டும்.

சரி, எந்த வழி? சிம்பாங் பூலாய் சாலை அகலமானது, வேகமாகப் போகலாம். ஆனாலும் தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையில் போங்கள் என்றுதான் சொல்வேன். வளைவுகள் அதிகம், பிள்ளைகளுக்கு வயிற்றைப் பிரட்டும், கையில் கொஞ்சம் ஆசாம் (புளிப்பு மிட்டாய்ப் பழம்) வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் காடு படிப்படியாக மாறுவதைக் கார் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். முதலில் மெராந்தி வகை நெடுமரங்கள். எதிர் முகட்டில் சாம்பல் பூசியதுபோல வெளுத்த தலைகள் வரிசையாகத் தெரிந்தால் அவை செராயா மரங்கள். லாத்தா இஸ்கண்டார் அருவியில் காலாற நின்று, பூர்வக்குடியினர் விற்கும் பெத்தாய்க் காய் வாங்கிக்கொண்டு மேலே ஏறுங்கள். சுமார் 1,200 மீட்டருக்கு மேல் ஓக் மரங்கள் தொடங்கும். ஆமாம், மலேசியாவில் ஓக்! கீழே குனிந்து தேடினால் தொப்பி போட்ட கொட்டைகள் கிடைக்கும்.

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஊர்களை வேகமாகத் தாண்டுவோம். ஸ்ட்ராபெரி எங்கேயும் ஓடிவிடாது.

இப்போது பிரிஞ்சாங் மலை, 2,000 மீட்டருக்குச் சற்று மேல். வண்டிப்பாதையே உச்சிவரை போகிறது. பக்கத்திலேயே ஈராவ் மலை, 2,110 மீட்டர், அதற்கு நடந்துதான் போக வேண்டும். இந்த இரண்டிலும்தான் நம் குட்டைக் காடு.

காரணத்தை மேகத்திலிருந்து தொடங்கலாம். தாழ்நிலத்தின் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்கிறது. 100 மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். ஓர் உயரத்தில் ஈரம் மேகமாகி அங்கேயே படுத்துக்கொள்ளும். மேகத்துக்குள் வாழும் மரத்துக்கு வெயில் குறைவு. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் இலை தண்ணீரை வெளியே விடுவதும் குறைந்துபோகிறது, அதனால் வேர் தண்ணீரோடு சத்தை மேலே இழுப்பதும் குறையும். மண்ணின் நிலைமை இன்னும் மோசம். குளிரிலும் ஈரத்திலும் உதிர்ந்த இலை மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, புளித்த கறுப்பு மண்ணாகிறது. சத்து அதற்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. போதாததற்கு முகட்டுக் காற்று. இவற்றில் எது முதல் காரணம் என்பதில் தாவரவியலாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கெடாவின் ஜெராய் மலை வெறும் 1,217 மீட்டர். அதன் உச்சியிலும் குட்டை மரங்கள் உண்டு! கேமரனில் அதே உயரத்தில் நெடுமரம் நிற்கிறது. காரணம், கடலோரத்தில் தனியாக நிற்கும் சிறு மலையில் மேகம் தாழ்வாகவே படியும். கேமரன் இருக்கும் தித்திவாங்சா போன்ற பெருந்தொடரில் அது மேலே தள்ளிப்போகும். ஆகவே மரம் குட்டையாவதற்கு உயரத்தை மட்டும் காரணம் காட்ட முடியாது. மேகம் எங்கே உட்காருகிறது என்று பார்க்க வேண்டும்.

சத்தில்லாத மண்ணில் பிழைக்க ஒரு செடி கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். குடுவைச் செடி! நெபெந்தெஸ் மக்ஃபார்லானி, தீபகற்ப மலேசியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. மூடியைத் தொடாமல் கீழிருந்து எட்டிப் பாருங்கள், அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மயிர். இனிப்புக்கு வரும் பூச்சி வழுக்கி உள்ளே விழும். மண் கொடுக்காத நைட்ரஜனை அந்தப் பூச்சி கொடுத்துவிடும்.

காட்டுக்குள் நடக்கப் போட்டிருக்கும் பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இங்குள்ள ஸ்பேக்னம் பாசி தன் உலர்ந்த எடையைப்போல் ஏறக்குறைய 20 மடங்குவரை தண்ணீர் பிடிக்கும். மூடுபனியை வாங்கிச் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு அனுப்புவது இந்தப் பாசிக்காடுதான். ஒரு செல்ஃபிக்காக மிதித்தால் பழைய நிலைக்கு வரப் பல வருடங்கள் ஆகும்.

ஈராவ் ஏறுகிறவர்களுக்கு வன இலாகா அனுமதி வேண்டும். போய்வர ஒரு பகல் முழுக்க ஆகும், சேறு முழங்கால்வரை வரும். விலையுயர்ந்த பூட்ஸ் தேவையே இல்லை. நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் சீவப் போட்டுப்போன கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதுதான், கம்போங் அடிடாஸ்! அடியில் முள்முள்ளாக இருப்பதால் சேற்றிலும் வேரிலும் நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் ஊறிக் கனக்காது, கழுவினால் சீக்கிரம் காயும். மலையேறும் ஆட்கள் பலரும் இன்று அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். பார்க்கும்போது எனக்கு அவ்வளவு பெருமை.

அப்புறம் கூடாரம். உரிமம் உள்ள முகாமில் மட்டும் போடுங்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் சிலாங்கூரின் பத்தாங் காலி முகாமில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். வெட்டிய சரிவுக்குக் கீழே வேண்டாம், ஆற்றங்கரையும் வேண்டாம். மேலே பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து அடிக்கும். இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும், சுவெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குளிருக்குப் பயந்து கூடாரத்தை முழுசாக மூடினால் உங்கள் மூச்சே உள்ளே நீராகச் சொட்டும், காற்றுவழியைத் திறந்து வையுங்கள்.

உச்சிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் பெரும்பாலும் மேகமும் மழையும்தான். உங்கள் ஊர்ப்பக்க மலையில் எந்த உயரத்தில் பாசி தொடங்குகிறது என்று பார்த்துக் கமெண்டில் எழுதுங்கள். ஜெராய் மலை, ஜொகூரின் லேடாங் மலைப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் எழுத வேண்டும், அடுத்த வீடியோவில் எல்லாவற்றையும் வரைபடத்தில் போட்டுக் காட்டுகிறேன்.