அபார்ட்மென்ட்டுக்கு வீடு மாறும்போது கன்டெய்னர்: முதலில் பேச வேண்டியது யாரிடம்?

(திரையில்: லாரியின் மேல் ஒரு கன்டெய்னர். லாரி மெதுவாக ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டுக்கு முன் வந்து நிற்கிறது.)

வணக்கம். வீடு மாறுவதற்கு லாரி பிடிக்காமல் கன்டெய்னர் வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறீர்களா? போகிற இடம் அபார்ட்மென்ட்டா? அப்படியென்றால் இந்த வீடியோ உங்களுக்குத்தான். தனி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு வாசலிலேயே இடம் இருக்கும், பெட்டி வந்து இறங்கினால் பாதி வேலை முடிந்தது. அடுக்குமாடியில் அப்படி இல்லை. அங்கே வாசல் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். காலிக் கன்டெய்னரைக் கொண்டுவந்து தரையில் இறக்கிவைத்துவிட்டு லாரி போய்விடும். நீங்கள் சில நாட்கள் எடுத்துக்கொண்டு நிதானமாகச் சாமான்களை ஏற்றி, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டுப் பூட்டுகிறீர்கள். அப்புறம் லாரி திரும்ப வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது இடத்தில் இறக்கும். புது வீடு இன்னும் தயாராகவில்லையா? சரி, பெட்டி கன்டெய்னர் நிறுவனத்தின் கிடங்கில் அப்படியே இருக்கும். ஒரு தட்டைக்கூட வெளியே எடுத்து மறுபடி அடுக்கவேண்டியதில்லை. பழைய வீட்டைக் காலி செய்யும் தேதியும் புது வீட்டின் சாவி கிடைக்கும் தேதியும் ஒத்துவராதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

இந்த முறையைப் பெரிய அளவில் பரப்பிய நிறுவனங்களில் முக்கியமானது பாட்ஸ். 1998-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கிளியர்வாட்டர் நகரில் தொடங்கியது. அவர்களுடைய லாரியில் ஒரு பெரிய இரும்புச் சட்டகம் இருக்கும். அது பெட்டியின் இரண்டு பக்கமும் இறங்கி, கீழே பிடித்து, சாயாமல் மட்டமாகத் தூக்கும். வேறு சில நிறுவனங்களின் லாரியில் பின்தளம் சாய்ந்து, பெட்டி சரிந்து இறங்கும். எடுப்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாய்த்துத் தூக்குகிறவர்கள் என்றால் உள்ளே கட்டுவதில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

(திரையில்: மேலிருந்து பார்க்கும் படம். வாகனப் பாதை, இரண்டு பக்கமும் கார் நிறுத்தும் கட்டங்கள்.)

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் முதல் போனை கன்டெய்னர் நிறுவனத்துக்குப் போடுகிறார்கள். விலை கேட்டு, தேதி முடிவு செய்து, முன்பணமும் கட்டிவிட்டு, கடைசியில்தான் அபார்ட்மென்ட் நிர்வாகத்திடம் சொல்கிறார்கள். அங்கே "இங்கே நிறுத்த முடியாது" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. முதல் போன் நிர்வாகத்துக்குப் போகவேண்டும். பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதெல்லாம் அப்புறம். பெட்டியை எங்கே வைப்பது என்பதற்குப் பதில் கிடைக்கும்வரை ஒரு ரூபாயோ ஒரு டாலரோ கட்டாதீர்கள்.

நிர்வாகம் மறுப்பது பல நேரம் வீம்புக்காக அல்ல. தீயணைப்பு வண்டிக்கான பாதையை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் பல இடங்களில் பின்பற்றப்படும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பு, அந்தப் பாதை குறைந்தது 20 அடி அகலமும் 13 அடி 6 அங்குல உயரமும் தடையில்லாமல் இருக்கவேண்டும் என்கிறது. உங்கள் வளாகத்துப் பாதை 24 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 8 அடி அகலப் பெட்டியை ஓரமாக வைத்தாலும் மிச்சம் 16 அடிதான். ஒரே ஒரு இரவுக்குத்தானே என்று தோன்றும். அந்த இரவில் நாலாவது மாடியில் புகை வந்தால் ஏணி வண்டி எந்த வழியாக உள்ளே வரும்? ஆகவே பாதையில் கேட்கவே கேட்காதீர்கள். கார் நிறுத்தும் கட்டங்களைக் கேளுங்கள்.

எத்தனை கட்டம்? பெட்டி மட்டும் என்றால் ஒரு கார் நிற்கும் இடத்தில் கிட்டத்தட்ட அடங்கிவிடும். சிக்கல் அதை இறக்குவதில் இருக்கிறது. சட்டகம் இரண்டு பக்கமும் இறங்க சுமார் 12 அடி அகலம் வேண்டும். தூக்கும்போது மேலே சுமார் 15 அடி உயரம் வேண்டும். அதனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் கேளுங்கள். அப்படியே தலையைத் தூக்கி மேலேயும் பாருங்கள். மரக்கிளை, மின்கம்பி, நுழைவாயில் வளைவு எதுவும் இருக்கக்கூடாது. அடித்தளப் பார்க்கிங் என்றால் கூரை உயரம் போதாது, அந்த யோசனையை விட்டுவிடலாம். லாரி பெட்டிக்கு நேர்கோட்டில் வந்து நேர்கோட்டில் வெளியேறவும் நீளமாக இடம் வேண்டும். தரை மட்டமாக இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெயிலில் இளகும் தார்த் தரை என்றால், நாலு மூலைக்கும் அடியில் பலகைத் துண்டு வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தரையில் பள்ளம் விழும், அதற்கான செலவு உங்கள் கணக்கில் வரும்.

(திரையில்: சுவரை ஒட்டி இறக்கப்பட்ட ஒரு பெட்டி. கதவு சுவர்ப் பக்கம்.)

இந்தப் படத்தில் என்ன தவறு? கதவு சுவரைப் பார்த்து இருக்கிறது. ஓட்டுநருக்கு உங்கள் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று தெரியாது, அவர் லாரிக்குச் சௌகரியமான பக்கத்தில் இறக்கிவிட்டுப் போவார். கதவு கட்டட வாசலைப் பார்த்து இருந்தால் பத்து எட்டில் டிராலி உள்ளே போகும். மறுபக்கம் இருந்தால் ஒவ்வொரு நடைக்கும் பெட்டியைச் சுற்றி வரவேண்டும். தள்ளுகிறவர்களின் முதுகு சாயங்காலத்துக்குள் சொல்லிவிடும். பதிவு செய்யும்போதே கதவு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இறக்கும் நேரத்தில் நீங்களோ உங்களுக்கு வேண்டியவர் ஒருவரோ அங்கே நிற்பது இன்னும் நல்லது.

வளாகத்துக்குள் இடமே இல்லை என்றால்? தெருவோரத்தில் நிறுத்தலாம், ஆனால் பல நகரங்களில் அதற்கு நகராட்சியின் அனுமதிச் சீட்டு வேண்டும். கன்டெய்னர் நிறுவனம் அதை வாங்கித் தராது, நாம்தான் முன்கூட்டியே வாங்கவேண்டும். அதுவும் முடியாது என்றால், பெட்டியை அவர்களுடைய கிடங்கிலேயே இருக்கவிட்டு, ஒரு சிறிய வேனை வாடகைக்கு எடுத்து அங்கிருந்து சாமான்களைக் கொண்டுவரலாம். இதில் இரண்டு முறை தூக்கும் வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் குறுகலான சந்தில் இருக்கும் கட்டடத்துக்கு இதுதான் நடக்கிற வழி. சில நிறுவனங்கள், நாம் இறக்கும்வரை லாரியை வாசலிலேயே காத்திருக்க வைக்கின்றன. ஆனால் நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும். ஆட்கள் தயாராக நிற்காவிட்டால் இதைத் தொடாதீர்கள்.

நிர்வாகத்திடம் பேசும்போதே இன்னும் இரண்டு கேள்விகள். சாமான் ஏற்ற லிஃப்டை எந்த நேரத்துக்கு ஒதுக்கித் தருவார்கள்? வெளியாட்களை வைத்து இறக்கினால் அவர்களுடைய காப்பீட்டுச் சான்று வேண்டுமா? பெரிய கட்டடங்கள் பல இந்தச் சான்றைக் கேட்கின்றன, இல்லையென்றால் ஆட்களை உள்ளே விடமாட்டார்கள். சொன்ன பதில்களை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பேசியவர் விடுமுறையில் போன அன்றுதான் பெட்டி வந்து சேரும்.

(திரையில்: மூன்று அளவுப் பெட்டிகள் வரிசையாக.)

அளவைப் பொறுத்தவரை 8 அடி, 12 அடி, 16 அடி நீளங்கள் வழக்கமாகக் கிடைக்கும். ஓரறை வீட்டுக்கு 8 அடி, ஒன்றிரண்டு படுக்கையறைக்கு 12, அதற்கு மேல் 16 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, எடைக்கும் வரம்பு உண்டு. யூ-ஹால் நிறுவனத்தின் யூ-பாக்ஸ் என்ற மரப்பெட்டி சுமார் 8 அடி நீளம், 5 அடி அகலம், ஏழரை அடி உயரம். அதில் 2,000 பவுண்டு, அதாவது சுமார் 900 கிலோ வரைதான் ஏற்றலாம். புத்தகம் நிறைய வைத்திருப்பவர்கள் அந்த வரம்பை, மேலே இடம் காலியாக இருக்கும்போதே தொட்டுவிடுவார்கள். வரம்பு மீறினால் லாரி தூக்காது.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். லிஃப்ட் கதவின் அகலம், உள்ளே இருக்கும் ஆழம், மூலைக்கு மூலை சாய்வான அளவு, படிக்கட்டுத் திருப்பம், வீட்டு வாசல். சோபா இவை எல்லாவற்றிலும் நுழையவேண்டும். நுழையாத சோபாவைக் கன்டெய்னரில் பல மைல் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவதைவிட, கிளம்பும் இடத்திலேயே விற்றுவிடுவது மேல்.

அடுக்குவதில் பொது விதி எல்லோருக்கும் தெரிந்ததே. கனமானது கீழே, லாரியின் முன்பக்கமாக இருக்கும் சுவரை ஒட்டி. இடது வலது எடை சமமாக. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ராட்செட் ஸ்ட்ராப், அதாவது பிடியை அசைத்து இறுக்கும் பட்டை, போட்டு இறுக்கம். இடைவெளியில் போர்வை, தலையணை. அடுக்குமாடிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: கடைசியில் ஏற்றியதுதான் முதலில் லிஃப்டில் போகும். ஆகவே கட்டிலின் கழற்றிய பாகங்கள், மெத்தை, கருவிப் பை, குளியலறைச் சாமான் பெட்டி ஆகியவை கதவருகே இருக்கட்டும். டிராலியும் அங்கேயே இருக்கவேண்டும், உள்ளே புதைத்துவிட்டால் எதை வைத்துத் தள்ளுவது? கட்டிலின் நட்டு போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு, அந்தப் பையைக் கட்டில் சட்டத்திலேயே டேப்பால் ஒட்டிவிடுங்கள். அட்டைப்பெட்டிகளை ஒன்றிரண்டு அளவிலேயே வாங்குங்கள். ஒரே அளவுப் பெட்டிகள் டிராலியில் ஆடாமல் நிற்கும், லிஃப்டிலும் நிறைய அடங்கும். பெட்டியின் மேல்பக்கம் எழுதாமல் பக்கவாட்டில் எந்த அறைக்கு என்று எழுதுங்கள். அடுக்கிய பிறகு மேல்பக்கம் கண்ணில் படாது.

கன்டெய்னருக்குள் குளிர்சாதனம் கிடையாது. வெயிலில் நின்றால் உள்ளே வெளியைவிடச் சூடாகும். மெழுகுவர்த்தி உருகும், இசைத்தட்டு வளையும், மருந்து கெடும். இவை உங்களுடன் வரட்டும். கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பெயின்ட், தின்னர் எதையும் ஏற்ற அனுமதி இல்லை. உணவுப் பொருள் வைத்தால் எலியும் பூச்சியும் வரும். ஃப்ரிட்ஜை முதல் நாளே அணைத்து, பனிக்கட்டி கரையவிட்டு, உள்ளே துணியால் ஈரமில்லாமல் துடைத்து, கதவைச் சற்றே திறந்தபடி கட்டிவையுங்கள். மூடிவைத்த ஃப்ரிட்ஜில் சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும். நிமிர்ந்த நிலையிலேயே ஏற்றுங்கள். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், நகை ஆகியவையும் பெட்டிக்குள் போகக்கூடாது. காப்பீட்டைப் பொறுத்தவரை, நிறுவனம் தருவது பெட்டிக்கா அல்லது உள்ளே இருக்கும் சாமான்களுக்கா என்று கேட்டுப் படித்துக் கையெழுத்திடுங்கள்.

(திரையில்: காலியான கன்டெய்னர், திறந்த கதவு, தரையில் ஒரு துடைப்பம்.)

சாமான் இறக்கியாயிற்று. அதோடு விட்டுவிடாதீர்கள். உள்ளே பெருக்கிவிட்டு, தரையையும் சுவர்களையும் போட்டோ எடுங்கள். பூட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்களுடையது. அன்றைக்கே போன் செய்து காலிப் பெட்டியை எடுக்கும் நாளை உறுதிசெய்யுங்கள். பல நிறுவனங்கள் மாதக் கணக்கில்தான் வாடகை போடுகின்றன. ஒருநாள் தாண்டினாலும் அடுத்த மாத வாடகை சேரலாம். லாரி வரும் காலையில் பெட்டிக்கு முன்னால் அக்கம்பக்கத்தார் யாராவது காரை நிறுத்திவிட்டால் அதைத் தூக்க முடியாது. லாரி வெறுமனே திரும்பும், அந்த நடைக்கும் கட்டணம் கேட்கலாம். ஆகவே முதல் நாள் இரவே நிர்வாகத்திடம் சொல்லி, அந்த இரண்டு கட்டங்களுக்கும் முன்னால் தடுப்புக் கூம்புகளை வைத்துவிடுங்கள்.