விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை தடுமாறினால்

அடுத்த கேள்வி ஒரு அம்மா அனுப்பியது. "மகளுக்கு மூன்று வயது. விளக்கு வைக்கும் நேரமானால் வாசற்படியில் தடுக்கி விழுகிறாள், பொம்மையைத் தரையில் தடவித் தேடுகிறாள். வைட்டமின் ஏ குறைவு என்கிறார்கள். தினமும் கேரட் சாறு கொடுத்தால் போதுமா? நான் ஐந்து மாதக் கர்ப்பம், நானும் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?"

அம்மா, முதலில் குழந்தையைக் கண் டாக்டரிடம் காட்டுங்கள். நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதற்கு விழித்திரையில் ரோடாப்சின் என்ற நிறமி வேண்டும். அது உருவாக வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் பகலில் நன்றாக ஓடி விளையாடும் பிள்ளை பொழுது சாய்ந்ததும் தடுமாறும். மாலைக்கண் என்பது இதைத்தான். பகல் வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பாருங்கள். கருவிழிக்குப் பக்கத்தில், வெள்ளைப் பகுதியில், சோப்பு நுரை ஒட்டினாற்போல் ஒரு திட்டு தெரிந்தால் அன்றைக்கே போய்விடுங்கள். இந்த நிலையில் மருந்து கொடுத்தால் பார்வை திரும்பிவிடும். கருவிழி உலர்ந்து புண்ணாகிவிட்டால் போன பார்வை போனதுதான்.

ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் யூனிட், அப்புறம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட் என்று வைட்டமின் ஏ திரவம் அரசே கொடுக்கிறது. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். எந்தத் தவணை விட்டுப்போயிருக்கிறது என்று அட்டையோடு போய்க் கேளுங்கள்.

சரி, கேரட். நல்லதுதான், ஆனால் மாலைக்கண் வந்த பிள்ளைக்கு அது மட்டும் போதாது. அதில் இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ள வேண்டும். அது உடம்பில் சேரக் கொழுப்பும் வேண்டும். அதனால் வெறும் சாறாகக் கொடுப்பதைவிட, முருங்கைக்கீரையை உருவி, எண்ணெயில் வதக்கி, பருப்பில் போட்டுக் கடைந்து, சோற்றில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டுங்கள். முட்டையின் மஞ்சள் கருவிலும் ஈரலிலும் வைட்டமின் ஏ நேராகவே கிடைக்கும்.

உங்களுக்கு அந்த மாத்திரை வேண்டாம் அம்மா. மிஞ்சிய வைட்டமின் ஏ சிறுநீரில் போகாது, ஈரலில் சேரும். கர்ப்பத்தில் அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளைக்குக் குறை வரலாம். உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் சாப்பிடுங்கள். கீரை, மாம்பழம், பரங்கிக்காய்க்குப் பயமில்லை. உடம்பு தேவைக்கு ஏற்றபடிதான் அவற்றிலிருந்து வைட்டமின் ஏ எடுக்கும்.