முதல் குளிசைக்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். பெரும்போகத்துக்கு வயலில் இறங்கிவிட்ட நேரம் இது. தம்பலகாமத்திலும் மூதூரிலும் கந்தளாயிலும் விடியமுன்னமே வரம்பில் நிற்கிறவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு. தொற்றுநோய்களையும் மருந்துக்கு மசியாத கிருமிகளையும் ஆராய்வது என் தொழில். இன்றைக்கு அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அது தரும் நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். கிருமி குடியிருப்பது சேற்றிலும் தண்ணீரிலும். காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உடம்புக்குள் போகும். கடும் மழைக்காற்றில் மூச்சோடும் போகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. ஆகவே நோயாளியை யாரும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது.

1911ஆம் ஆண்டு ரங்கூனில் இதை முதலில் கண்டவர்கள் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இருவர். பிறகு அதை விட்மோர் நோய் என்றே எழுதிவைத்தார்கள். கிருஷ்ணசுவாமியின் பெயர் விடுபட்டுப்போனது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான். இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். அதற்குப் பிறகு நெடுங்காலம், இங்கே இது அபூர்வம் என்ற எண்ணத்திலேயே இருந்துவிட்டோம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த எனோகா கொரேயாவும் அவருடைய குழுவினரும் தேடத் தொடங்கிய பிறகுதான் பல மாவட்டங்களில் நோயாளிகள் தெரியவந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விவசாயியின் இரத்தம் எங்கள் மேசைக்கு வந்தது. ஊர், பெயர் வேண்டாம். ஐம்பது வயது தாண்டியவர், சீனி வருத்தக்காரர், மூன்று கிழமையாகக் காய்ச்சல். முதலில் கடையில் அமொக்சிசிலின் வாங்கி மூன்று நாள் போட்டிருக்கிறார். சற்றுக் குறைந்ததும் மிச்சத்தை அலுமாரியில் வைத்துவிட்டார். காய்ச்சல் திரும்பியது. வயல்காரர் என்பதால் எலிக்காய்ச்சலாக இருக்கும் என்று பெனிசிலின் ஏற்றினார்கள். எலிக்காய்ச்சல் பெனிசிலினுக்குக் கேட்கும். இது கேட்காது. அதற்குள் ஈரலில் சீழ் கட்டிவிட்டது.

இரத்தத்திலிருந்து வளர்ந்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த மூன்று கடதாசி வட்டுகளை அதன்மேல் வைத்தோம். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. மறுநாள் காலை தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ஜென்டமைசின் வட்டின் விளிம்பு வரைக்கும் கிருமி முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. கொலிஸ்டின் வட்டிலும் அதே கதை. வேறெதற்கும் கேட்காத கிருமிகளுக்கென்று நாங்கள் கடைசியாக எடுக்கிற மருந்து கொலிஸ்டின். கோ-அமொக்சிக்ளேவ் வட்டைச் சுற்றி மட்டும் துப்புரவான வெற்று வளையம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மெலியோய்டோசிஸ் என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே வார்டுக்கு அறிவித்தோம்.

இந்தக் கிருமிக்கு எதிர்ப்பு பிறவிக்குணம். உள்ளே வந்த மருந்தை, வயலில் தேங்கிய நீரை இறைப்பதுபோல வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் அதற்கு உண்டு. ஆனால் வார்டுகளில் நாங்கள் காணும் வேறு பல கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பழக்கியவர்கள் நாம்தான். அரைகுறையாகப் பெனிசிலின் பாவித்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இலேயே நோபல் உரையில் எச்சரித்தார். 2019இல் மட்டும் மருந்துக்குக் கேட்காத பக்டீரியாக்களால் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மெலியோய்டோசிஸ் நோயாளியைக் காப்பாற்ற எங்களிடம் இருக்கும் மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று மெரோபெனம். அதற்கே அடங்காத வேறு கிருமிகள் ஆஸ்பத்திரிகளில் ஏற்கனவே வந்துவிட்டன. எனக்கு இரவில் நித்திரை கெடுவது இதை நினைத்துத்தான்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சீனி வருத்தம் இருந்து, வயலிலும் வேலை செய்து, காய்ச்சல் விடாமல் இருந்தால், வைத்தியரிடம் அந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்டிபயோட்டிக் தொடங்குமுன் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முதல் குளிசை உள்ளே போய்விட்டால் கிருமி போத்தலில் வளராமல் ஒளிந்துகொள்ளக்கூடும். நோயோ உடம்புக்குள் நிற்கும். காசநோய் மருந்துக்கும் குறையாத இருமல் என்றாலும் இதைச் சொல்லுங்கள். சேற்றில் இறங்கும்போது பூட்ஸ் போடுங்கள், காயத்தை மூடிக்கட்டுங்கள்.

அந்த விவசாயிக்கு நாலு கிழமை மெரோபெனம் நாளத்தில் ஏற்றினார்கள். அதன்பிறகு மூன்று மாதம் கோட்ரைமொக்சசோல் குளிசை, காலையில் மூன்று, இரவில் மூன்று. காய்ச்சல் விட்டதும் நிற்பாட்டினால் நோய் திரும்பி வரும். ஐந்நூறுக்கு மேற்பட்ட குளிசைகள் அவை. கடைசி நாள் கிளினிக்குக்கு வந்தவர் சொப்பிங் பையைத் திறந்து, இறப்பர் வளையம் போட்டுக் கட்டிய வெற்று அட்டைகளை மேசையில் வைத்தார். ஒவ்வோர் அட்டையிலும் நீலப் பேனையால் திகதி. மகள் எழுதியது என்றார்.

வணக்கம்.