அந்தப் பூட்டிய அறை எங்கே இருக்கிறது? (நேயர் கேள்விக்கு விளக்கம்)

வணக்கம். போன பேச்சுக்கு வந்த கேள்விகளைப் படித்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவே இல்லை. ஒரு நேயர் கேட்கிறார்: "ஐயா, உலகத்தில் எங்கோ ஒரு பூட்டிய அறைக்குள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்துகொண்டு நம் எல்லோருடைய தலையெழுத்தையும் முடிவு செய்கிறார்கள் என்கிறார்களே, அது நிஜமா? நிஜம் என்றால் பெயர்களைச் சொல்லுங்கள்."

பெயர்கள் என்னிடம் இல்லை. இருந்தாலும் அவற்றை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று தெரியவில்லை, ஏனென்றால் அந்தப் பதினைந்து பேரும் நாளைக்கே போய்ச் சேர்ந்தால் நாளன்றைக்கு வேறு பதினைந்து பேர் அதே நாற்காலியில் இருப்பார்கள். அதனால் அறைக்குள் யார் என்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. கதவை வைத்தது யார், எந்த அளவில் வைத்தார்கள், அதில்தான் என் கண். வழக்கமாகப் பார்ப்பவர்கள் இந்நேரம் "மறுபடியும் கதவா" என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். பரவாயில்லை, இன்றைக்குப் புது உதாரணம் இருக்கிறது.

குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், ஊர் நிர்வாகத்துக்குக் குலுக்கலில் ஆள் எடுக்கும் முறை. உத்திரமேரூர்க் கல்வெட்டு, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919இல் ஒன்று, 921இல் ஒன்று. ஊரில் மொத்தம் 30 குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். வயதில் மூத்த நம்பி, அதாவது கோயில் பூசகர், ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்ல வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விதி. அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கையைக் கொஞ்சம் மடக்கினால் விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கலாம் இல்லையா! சீட்டாட்டக்காரன் கையைக் கவனிக்கிற மாதிரி கவனித்திருக்கிறார்கள். அதோடு விடவில்லை. முன்பு பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்கள் பெயரையும் எழுதக் கூடாது. இதை எழுதியவர்களுக்கு மனிதனைப் பற்றி எந்த மயக்கமும் கிடையாது.

சரி, அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போகும்? கால் வேலிக்கு மேல் (வேலி என்பது அந்தக் கால நில அளவு) வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால்கூட, ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும், அதாவது உரைநூலும், விளக்கிச் சொல்லத் தெரிந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அது பிராமணர்களின் சபை. அந்தக் குடத்தைச் செய்த குயவரின் பெயர் ஒருநாளும் அந்தக் குடத்துக்குள் போகாது.

நான் கேலி செய்யவில்லை. உள்ளே அவர்கள் நேர்மையாகத்தான் இருக்கப் பார்த்தார்கள். அதுதான் விஷயமே.

இதே சிறுவனை இத்தாலியில் இருக்கிற வெனிஸிலும் பார்க்கலாம், அப்போது அது தனி நாடு. 1268இலிருந்து அங்கே நாட்டின் தலைவரை, டோஜே என்பார்கள், தேர்ந்தெடுக்க ஒரு முறை வைத்திருந்தார்கள், கேளுங்கள். ஊர் முக்கியஸ்தர்கள் உட்காருகிற பெரிய அவையிலிருந்து குலுக்கலில் 30 பேர். அந்த 30 குலுக்கலில் 9 ஆகும். அந்த 9 பேர் கூடி 40 பேரைத் தேர்வு செய்வார்கள், 40 மறுபடி குலுக்கலில் 12 ஆகும், 12 பேர் 25 பேரைத் தேர்வு செய்ய, 25 குலுக்கலில் 9, அந்த 9 பேர் 45 பேரை, 45 குலுக்கலில் 11, அந்த 11 பேர் 41 பேரை, கடைசியில் அந்த 41 பேர்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சொல்வதற்குள் எனக்கே மூச்சு வாங்குகிறது. குலுக்கல் உருண்டைகளை எடுப்பது ஒரு சிறுவன். நம் ஊர்ச் சிறுவனுக்கும் அவனுக்கும் நடுவில் சில நூற்றாண்டு, ஒரு பெரிய கடல். வேலை ஒன்றுதான்.

இத்தனை குலுக்கலையும் யாரால் விலைக்கு வாங்க முடியும்? கஷ்டம்தான். ஆனால் 1297இல் கதவை அடைத்துவிட்டார்கள். அதற்கு முந்திய சில வருடங்களில் பெரிய அவையில் இடம் வகித்த குடும்பங்கள் உள்ளே, மற்றவர்கள் பெரும்பாலும் வெளியே. 1506இல் உள்ளே இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பிறப்புப் பதிவேடே திறந்தார்கள், தங்கப் புத்தகம் என்று பெயர். 1797இல் நெப்போலியன் வந்து குடியரசையே முடிக்கும்வரை கணக்குப் போட்டால் சரியாக 500 வருடம். இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? சட்டம் எல்லோருக்கும் தெரியும், புத்தகத்தில் பெயர் இருக்கிறது.

கதவை அடைப்பதற்கு முன்னால் அந்த ஊரில் பணமில்லாதவன் மேலே வர ஒரு வழி இருந்தது. கொலெகன்சா என்று ஒரு வியாபார ஒப்பந்தம். முதல் போடுகிறவர் ஊரில் இருப்பார், கையில் ஒன்றும் இல்லாத இளைஞன் சரக்கோடு கப்பலேறுவான், லாபத்தில் அவனுக்குக் கால் பங்கு. உயிரோடு திரும்பி வந்தால் அடுத்த பயணத்தில் அவனும் கொஞ்சம் முதல் போடுவான். இப்படியே நாலைந்து தடவை போய் வந்தவன் பிறகு அவையில் வந்து உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்தவர்களின் வழி வந்தவர்களும் சேர்ந்துதான் கதவை அடைத்தார்கள். ஏணியில் ஏறி வந்தவனுக்கு ஏணியின் அருமை தெரியும், அதனால்தான் அதை முதலில் எடுத்துவிடுகிறான் போலும்.

நேயர் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது: கதவு எப்போது திறக்கும்? உள்ளே இருப்பவர்களுக்கு மனசு இளகும்போதா? வெனிஸில் ஜெனோவா என்ற போட்டி நகரத்தோடு சண்டை போட்டுக் கஜானா காலியான பிறகு, 1381இல் போருக்கு உதவிய 30 குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் 1646இலிருந்து, கிரீட் தீவுக்காகத் துருக்கியரோடு நடந்த போரின்போது, ஒரு லட்சம் டுக்காட் (அந்த ஊர்ப் பணம்) கொடுத்தால் தங்கப் புத்தகத்தில் பெயர் ஏறும் என்று ஆனது. தேவை வந்தால் கதவு திறக்கும், தேவையான அளவு மட்டும் திறக்கும். பரேட்டோ என்ற இத்தாலியச் சிந்தனையாளர் இதையே வேறு விதமாகச் சொன்னார். கீழே இருக்கும் கெட்டிக்காரர்களை அவ்வப்போது இழுத்துக்கொள்கிற மேல்தட்டு நீடிக்கும், இழுத்துக்கொள்ளாதது ஒருநாள் தூக்கியெறியப்படும். எப்படியானாலும் ஒரு மேல்தட்டு இருக்கும் என்பது அவர் வாதம். அதை முழுசாக ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மறுக்கவும் தைரியம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், இது என் சொந்தக் கதை.

ஒரு சங்கத்தில் நான் செயலாளராக இருந்தேன், எந்தச் சங்கம் என்பது வேண்டாம். போட்டியெல்லாம் இல்லை. மினிட்ஸ் நோட்டை யார் எழுதுவது என்று கேட்டபோது எல்லோரும் குனிந்துகொண்டார்கள், என் கையெழுத்து நன்றாக இருக்கும், அவ்வளவுதான். பதினொரு வருடம் ஓடிவிட்டது. எந்தத் தீர்மானம் எப்போது போட்டது, எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும். அஜெண்டா எழுதுவதும் நான்தான். ஒரு கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி எழுந்து, "மூன்று தடவை கடிதம் கொடுத்தேன் சார், ஒரு தடவைகூட எடுத்துப் பேசவில்லையே" என்றார். நான் ரொம்ப மரியாதையாகச் சொன்னேன்: "தம்பி, அது அஜெண்டாவில் இல்லை." எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. நான் யாரையும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை, ஒரு சதியும் செய்யவில்லை, அந்தக் கடிதத்தைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

ராபர்ட் மிஹெல்ஸ் என்ற ஜெர்மானியர் 1911இல் எழுதியது ஏறக்குறைய இதுதான். சமத்துவம் பேசுகிற கட்சிகளையே எடுத்து ஆராய்ந்தார், அவர் முன்பு உறுப்பினராக இருந்த கட்சி உட்பட. வேலை தெரிந்த சிலர் கையில் கோப்பு போகும், மற்றவர்களுக்கு நேரம் இருக்காது, பிறகு அந்தச் சிலர் இல்லாமல் ஒன்றும் நகராது. இவ்வளவு தெளிவாகக் கண்டுபிடித்த மனிதர் பிற்காலத்தில் முசோலினியின் கட்சியில் போய்ச் சேர்ந்தார் என்பது தனிச் சோகம், அதை இன்னொரு நாள் பேசலாம்.

அடுத்த தேர்தலில் நான் நிற்கவில்லை. கேள்வி கேட்ட அந்தத் தம்பியே செயலாளர் ஆனார். நல்ல பையன். ஆனால் பழைய தீர்மானம் ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் இன்றைக்கும் எனக்குத்தான் போன் செய்கிறார், ஏனென்றால் அந்தப் பழைய நோட்டுகள் எல்லாம் என் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கொடுக்கிறேன். அடுத்த கேள்வியைப் பார்க்கலாம்.