திறக்காத தரவுத்தளமும் அழிக்கக் கூடாத சிட்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று நம் வட்டாரத்தின் எந்தக் கடைத்தெருவில் நுழைந்தாலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கணினி இருக்கிறது. அரிசி ஆலையின் மூட்டைக் கணக்கும், அடகுக் கடையின் வட்டிக் கணக்கும், பழைய சாமான் கடையின் இருப்புக் கணக்கும் இன்று அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன. மின்சாரம் ஒரு நொடி நின்று திரும்பிய பிறகு அந்தக் கணக்கு திறக்க மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். பல ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை இது. எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கணக்கு நிரல் தன் கணக்கையெல்லாம் சேமித்து வைக்கும் இடத்தைத் தரவுத்தளம் என்கிறோம்; திறக்காத தரவுத்தளத்தை, அது இருக்கும் கோப்புறையோடு, ஒரு கோப்பும் விடாமல் வேறொரு வட்டில், அதாவது வேறொரு ஹார்ட் டிஸ்கில், நகலெடுத்து வையுங்கள், சோதனைகளை எல்லாம் அந்த நகலில் செய்யுங்கள். இதை இன்னும் சில முறை சொல்வேன், ஏனென்றால் பாதியில் வானொலியைத் திருப்பியவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

நேற்று வரை திறந்த கோப்பு இன்று ஏன் திறக்கவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். தரவுத்தளம் தன் கோப்பைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு பக்கம் வழக்கமாக 8 கிலோபைட். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு மென்பொருளில், தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபியில் 16 கிலோபைட். வட்டு ஒரே வீச்சில் எழுதி முடிக்கும் அளவோ அதைவிடச் சிறியது, 512 பைட் அல்லது 4096 பைட். ஆகவே மின்சாரம் நின்ற நொடியில் ஒரு பக்கத்தின் மேற்பாதியில் புதிய கணக்கும் கீழ்ப்பாதியில் பழைய கணக்குமாக நின்றுவிடக்கூடும். இதை முன்கூட்டியே எண்ணித்தான் போஸ்ட்கிரெஸ் பக்கத்தின் முழுப் பிரதியைத் தன் பதிவில் எழுதி வைக்கிறது. இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் தனியிடத்தில் எழுதிவிட்டுப் பிறகே உரிய இடத்தில் எழுதுகிறது.

பதிவு என்று சொன்னேன் அல்லவா, அதுதான் என் பேச்சின் உயிர்நாடி. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. பணம் கைமாறியவுடன் முதலில் அன்றாடக் கணக்கான சிட்டையில் எழுதுவார்கள். பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது அதற்குப் பிறகு. பேரேட்டில் ஓர் ஏடு கிழிந்து போனாலும், சிட்டையைத் தேதிவாரியாகப் புரட்டி அந்த ஏட்டைத் திரும்ப எழுதிவிடலாம். தரவுத்தளமும் இப்படித்தான் செய்கிறது: எந்த மாற்றத்தையும் முதலில் பதிவுக் கோப்பில் எழுதி, அது வட்டில் நிலைத்துவிட்டது என்று உறுதியான பிறகே முதன்மைக் கோப்பில் ஏற்றுகிறது. அதனால்தான் பதிவுக் கோப்பு உயிரோடு இருக்கும்வரை மீட்பதற்கு வழி இருக்கிறது என்று நான் துணிந்து சொல்கிறேன்.

பதிவைக் கொண்டு மீட்கும் முறையை முழுமையாக வகுத்தவர்களில் முதன்மையானவர், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். அவரும் அவருடைய சகாக்களும் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவாக்கி 1992-இல் விரிவாக வெளியிட்ட ஏரீஸ் என்ற முறை, விழுந்த தரவுத்தளத்தை மூன்று சுற்றுகளில் எழுப்புகிறது. முதற்சுற்றில் பதிவைப் படித்து, விழுந்த நேரத்தில் எவையெவை நடந்துகொண்டிருந்தன என்று கணிக்கிறது. அடுத்த சுற்றில் பதிவில் உள்ளவற்றை வரிசையாகத் திரும்பச் செய்கிறது. கடைசிச் சுற்றில், முடிவுபெறாமல் பாதியில் நின்றவற்றை நீக்குகிறது. அடகுக் கடையில் கடன் தொகை பதிவாகி நகையின் எடை பதிவாகும் முன் மின்சாரம் போயிருந்தால், அந்தப் பாதிக் கணக்கு முழுவதும் நீங்கிவிடும். முடிந்த கணக்கு முழுவதும் நிற்கும். இன்றைய தரவுத்தளங்கள் பலவும், தத்தம் மாறுதல்களோடு, மீண்டும் தொடங்கும்போது இத்தகைய வேலையைத் தாமாகவே செய்கின்றன. பெரிய தரவுத்தளமாக இருந்தால் அதற்கு நெடுநேரம் ஆகும். அசைவே இல்லை என்று எண்ணி நடுவில் மின்விசையை அணைத்துவிடுவது அந்த வேலையைக் கெடுப்பதாகும். பொறுத்திருங்கள்; தரவுத்தளம் எழுதும் பிழைக் குறிப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். வட்டில் இடம் தீர்ந்துபோனதே திறக்காததற்குக் காரணமாக இருந்த இடங்களும் உண்டு.

ஓர் அடகுக் கடையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஊர்ப்பெயர் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் மாலை நேரம் மின்சாரம் போய்விட்டது. யூபிஎஸ் இருந்தும் அது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, ஏனென்றால் அதன் பேட்டரி வீங்கிக் கிடந்தது. மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியில் இயங்கிவருகிறது. பேட்டரிக்கு ஆயுள் உண்டு என்பதை நம் ஊர்க்காரர்களாவது மறக்கக் கூடாது. மின்சாரம் திரும்பியதும் கணக்கு நிரலைத் திறந்தார்கள். கோப்பு சிதைந்திருக்கிறது என்று செய்தி வந்தது. அதற்குள் யாரோ ஒருவர் வந்து பார்த்து, பெரிய கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அழித்துவிட்டு நிரலைப் புதிதாக நிறுவிவிடலாம் என்று சொல்லிப் போயிருந்தார்.

“தம்பி, சின்னச் சின்ன ஃபைல் எல்லாம் குப்பைன்னு சொன்னாக. எனக்கு மனசு ஒப்பலை, கம்ப்யூட்டரை நிறுத்தி வச்சுட்டேன்” என்றார் கடையை நடத்தும் ஆச்சி. அந்த மனம் ஒப்பாமைதான் அன்று கணக்கைக் காப்பாற்றியது.

அந்த நிரல் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்தியது. கோப்புறையில் ஒரே பெயரில் மூன்று கோப்புகள் இருந்தன. பெரியது கணக்குக் கோப்பு; அதன் தேதி இரண்டு நாட்களுக்கு முந்தையது. அதே பெயரோடு ஒரு சிறு கோடும் ‘வால்’ (wal) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் சேர்ந்த சிறிய கோப்பு ஒன்று, அதுவே நான் சொன்ன பதிவுக் கோப்பு; அதன் நேரமோ மின்சாரம் போன நேரத்தோடு ஒத்திருந்தது. ஆக, கடைசி இரண்டு நாள் அடகுகளும் நகை மீட்புகளும் அந்தச் சிறிய கோப்பில்தான் இருந்தன. எஸ்கியூலைட் இந்தப் பதிவு ஏறக்குறைய 1000 பக்க அளவுக்கு வளர்ந்த பிறகே அதை முதன்மைக் கோப்பில் ஏற்ற முற்படும். நிரலை முறையாக மூடினாலும் ஏற்றிவிடும். இரவில் கடையைப் பூட்டும்போதும் நிரலை மூடாமல் விடுவது அங்கே பழக்கமாக இருந்தது. அந்தப் பெரிய கோப்பை மட்டும் நம்பியிருந்தால் இரண்டு நாள் கணக்கு இல்லாமலே போயிருக்கும்.

அந்தக் கணினியின் வட்டிலிருந்து டக் டக் என்று ஒலியும் வந்தது. அப்படி ஒலிக்கும் வட்டில் எந்தப் பழுதுபார்ப்பும் செய்யக் கூடாது. பழுதுபார்க்கும் ஒவ்வொரு முயற்சியும் அதன் மிச்ச ஆயுளைத் தின்கிறது. டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல், வட்டின் நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டுக் கெட்ட பகுதிகளைப் பிறகு தனியே முயலும். எங்கே நின்றோம் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளும். அதைக் கொண்டு முழு வட்டையும் புதிய வட்டில் நகலெடுத்தோம். பிறகு, மூன்று கோப்புகளும் ஒன்றாக இருந்த நகலில், எஸ்கியூலைட்டுடனேயே வரும் மீட்புக் கட்டளையை இயக்கி, படிக்க முடிந்த வரிகளை எல்லாம் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றினோம். அப்படியும் சில வரிகள் வரவில்லை. அவற்றை அடகுச் சீட்டின் அடிக்கட்டைகளை வைத்து, எடை, தொகை, தேதி என்று ஆச்சி வாசிக்க வாசிக்கச் சேர்த்தோம். பெட்டகத்தில் இருந்த நகைப் பொட்டலங்களோடு ஒவ்வொரு எண்ணும் ஒத்துப்போன பிறகே கடையைத் திறந்தார்கள். மீட்ட கணக்கை இப்படிச் சரிபார்க்காமல் பயன்படுத்தத் தொடங்குவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. நிரல் திறந்துகொண்டது என்பதனால் உள்ளே இருப்பது சரி என்று ஆகிவிடாது.

பதிவுக் கோப்பைக் குப்பை என்று நினைப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் இந்தப் பதிவுகள் இருந்த கோப்புறையின் பெயரில் குறிப்பு என்று பொருள்படும் ‘லாக்’ (log) என்ற சொல் இருந்ததால், இடம் பிடிக்கும் வெறும் குறிப்புகள் என்று எண்ணி உலகெங்கும் பலர் அதை அழித்துத் தரவுத்தளத்தை இழந்தார்கள். அதனாலேயே 2017-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் அந்தப் பெயரையே மாற்றினார்கள். பதிவை வெறுமையாக்கித் திறக்க வைக்கும் கட்டளை ஒன்றும் போஸ்ட்கிரெஸ்ஸில் உண்டு. வேறு வழியே இல்லாதபோது, நகலில் மட்டும், தரவை வெளியே எடுத்துக்கொள்வதற்காக மட்டுமே அதைத் தொட வேண்டும். அப்படித் திறந்த தரவுத்தளத்தில் வியாபாரத்தைத் தொடரக் கூடாது. மைஎஸ்கியூஎல்லில் கட்டாய மீட்புக்கு ஒன்று முதல் ஆறு வரை படிகள் உள்ளன. ஒன்றில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். நான்கும் அதற்கு மேலும் தரவை நிரந்தரமாகச் சிதைக்கக்கூடியவை. எடுத்தவுடன் ஆறு என்று போடச் சொல்பவரின் கையில் உங்கள் மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். காப்புப் பிரதியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணி வந்தேன். இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை வெறுமனே நகலெடுத்தால் அது காப்புப் பிரதி ஆகாது. தரவுத்தளத்தோடு வரும் காப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அல்லது நிரலை மூடிவிட்டு எடுங்கள். எடுத்த பிரதியை மாதம் ஒரு முறையாவது வேறொரு கணினியில் திறந்து, அன்றைய மொத்தத் தொகை உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இந்த மாதமே அதைத் தொடங்குங்கள்.

வணக்கம்.